கை கொடுக்க மனமில்லை என்றால் ஆடாமல் இருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாகிஸ்தானோடு கிரிக்கெட் ஆட வேண்டாம் என்று நம் நாடு முடிவெடுத்தால், அந்த முடிவை நான் மதிப்பேன். ஆடலாம் என்று முடிவெடுத்தால், ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கிவிட்டு வர வேண்டும். ஆட்டமும் வேண்டும், டிவி உரிமைப் பணமும் விளம்பரப் பணமும் வேண்டும், ஜெயித்த பெருமையும் வேண்டும், கையை மட்டும் கொடுக்க மாட்டோம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக இந்திய அணியை நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நினைத்து ஆட்டம் பார்த்தவன் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

"பஹல்காமை மறந்துவிட்டீர்களா சார்?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2025 ஏப்ரல் 22 அன்று அங்கே 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சுற்றுலா போனவர்கள். மதம் என்ன என்று கேட்டுக் கேட்டுச் சுட்டதாகத் தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட உள்ளூர் குதிரைக்காரர் ஒருவரும் அந்த 26 பேரில் உண்டு. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தத் துக்கத்துக்கு மரியாதை கொடுப்பது எப்படி என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பிரிவு. 14, 21, 28 என்று அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணியும் மோதின. மூன்றிலும் நாம்தான் ஜெயித்தோம். முதல் ஆட்டத்தில் டாஸ் போடும்போதே கேப்டன்கள் கை குலுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் நம் பேட்ஸ்மேன்கள் இருவரும் நேராக உள்ளே போய்விட்டார்கள். எதிரணி மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது. இறுதி ஆட்டம் முடிந்ததும் பரிசளிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போனது. ஆசிய கிரிக்கெட் கவுன்சிலின் தலைவர் மொசின் நக்வி, பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியத்துக்கும் அவர்தான் தலைவர், அந்த நாட்டின் உள்துறை அமைச்சரும் அவர்தான். அவர் கையால் கோப்பை வாங்க மாட்டோம் என்றது நம் அணி. கோப்பை மைதானத்தை விட்டுப் போய்விட்டது. நம் பிள்ளைகள் இல்லாத கோப்பையைத் தூக்குகிற மாதிரி பாவனை செய்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 5 அன்று கொழும்பில் பெண்கள் உலகக் கோப்பை ஆட்டம். அங்கேயும் கை குலுக்கல் இல்லை.

அந்த இறுதி ஆட்டத்தில் 147 ரன் இலக்கு. 20 ரன்னுக்கு 3 விக்கெட் போய்விட்டது. அந்த நிலையிலிருந்து 22 வயதுப் பையன் திலக் வர்மா கடைசி வரை நின்று 69 ரன் எடுத்து ஜெயிக்க வைத்தான். குல்தீப் 4 விக்கெட் எடுத்திருந்தான். மறுநாள் டீக்கடையில் அதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. கோப்பையை யார் எடுத்துக்கொண்டு போனார் என்பதுதான் பேச்சு.

இனி என் வாதத்துக்கு வருகிறேன்.

எதிர்ப்பு என்றால் அதற்கு ஒரு விலை இருக்கும். அந்த விலையை எதிர்ப்பவன் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். உண்ணாவிரதம் இருப்பவன் பசியைத் தாங்குகிறான். வேலைநிறுத்தம் செய்பவனுக்குச் சம்பளம் போகிறது. ஆசிரியர் போராட்டங்களில் கலந்துகொண்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு இந்தியா போனது. சென்னைப் பிள்ளைகள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த அணி. எதிரில் தென்னாப்பிரிக்கா. கறுப்பு மக்களை மனிதராகவே நடத்தாத நிறவெறி ஆட்சி அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்த நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா முடிவெடுத்தது. ஆடாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இன்று வரை நாம் டேவிஸ் கோப்பையை ஜெயித்ததில்லை. கைக்கு எட்டிய வாய்ப்பை அந்த வீரர்கள் இழந்தார்கள். அதுதான் விலை. அந்த முடிவைப் பற்றி இன்றும் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2025 ஜூலையில் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற வீரர்களுக்கான ஒரு போட்டி நடந்தது. யுவராஜ் சிங், ஷிகர் தவான் எல்லாம் இருந்த இந்திய அணி, பாகிஸ்தானோடு லீக் ஆட்டத்தை ஆட மறுத்தது. அரையிறுதியிலும் அதே அணி எதிரில் வந்தபோது, அங்கேயும் மறுத்துவிட்டுப் போட்டியிலிருந்தே விலகியது. பாகிஸ்தான் இறுதிக்குப் போனது. அந்த முடிவு சரியா தவறா என்று நாம் வாதம் செய்யலாம். ஆனால் நேர்மையான முடிவு. "ஆட மாட்டோம்" என்றார்கள், ஆடவில்லை, கோப்பை வாய்ப்பை இழந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து துபாயில் என்ன நடந்தது? ஆகஸ்டிலேயே மத்திய விளையாட்டு அமைச்சகம் கொள்கையை அறிவித்துவிட்டது. இரு நாடு மட்டும் ஆடும் தொடர் கிடையாது, பல நாடு ஆடும் போட்டிகளில் ஆடலாம் என்று. சரி. அந்த ஆசியக் கோப்பையை நடத்தும் பொறுப்பு யாருடையது தெரியுமா? நம் பிசிசிஐயுடையது. இரு நாட்டு உறவு நிலைமையால் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்ததே தவிர, வீட்டுக்காரர் நாம்தான். பெரும்பாலான பெரிய போட்டிகளில் இரு நாட்டையும் ஒரே பிரிவில் போடுவது ஏன் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தியா பாகிஸ்தான் ஆட்டம் இருந்தால்தான் டிவிக்காரர் பெரிய தொகை கொடுப்பார். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்டவணையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. புள்ளிகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னது ஐந்து விநாடி கை குலுக்கலை மட்டும்.

கல்யாண வீட்டுக்குப் போய் மொய்ப் பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, மொய் வைத்தவருக்கு வணக்கம் சொல்ல மாட்டேன் என்பது மாதிரி இது. நமக்கு எந்த நஷ்டமும் இல்லாத இடமாகப் பார்த்து நம் கோபத்தைக் காட்டினோம்.

கேப்டன் சூர்யகுமார் யாதவ் தன் போட்டிச் சம்பளத்தை ராணுவத்துக்கும் பஹல்காமில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் கொடுப்பதாகச் சொன்னார். அதை நான் பாராட்டுகிறேன். அது அவர் கையிலிருந்து கொடுத்த விலை. அதே மனசு வாரியத்துக்கு வந்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆட்டத்தின் வருமானத்தையும் அந்தக் குடும்பங்களுக்குத் தருகிறோம் என்று வாரியம் சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

பஹல்காமில் கணவனைக் கண் முன்னால் பறிகொடுத்த ஒரு பெண், முதல் ஆட்டத்துக்கு முன்பு டிவி முன்னால் நின்று பேசினார். அவர் கேட்டது, இந்த ஆட்டத்தைப் புறக்கணியுங்கள் என்று. கை மட்டும் கொடுக்காதீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டதை நாம் கொடுக்கவில்லை. அவர் கேட்காத ஒன்றைச் செய்துவிட்டு, அவர் பெயரால் செய்ததாகச் சொல்லிக்கொண்டோம்.

மைதானத்துக்குள் நின்றுகொண்டே எதிர்ப்புக் காட்டியவர்களும் உண்டு. 2003 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வே வீரர்கள் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலோங்காவும் ஹராரேயில் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார்கள். தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்துப்போனதற்குத் துக்கம் என்று அறிக்கை கொடுத்தார்கள். சொந்த நாட்டின் அரசை எதிர்த்து, சொந்த மண்ணில் நின்று! அதோடு இருவரின் சர்வதேச ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. ஒலோங்காவுக்கு அப்போது 26 வயது. உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. எதிரணி வீரனை அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. சுமை முழுவதையும் தாங்களே சுமந்தார்கள்.

இப்போது கை குலுக்கலுக்கு வருவோம். கை குலுக்கினால் நட்பு என்று அர்த்தமா? கிடையாது. மன்னித்துவிட்டோம் என்று அர்த்தமா? அதுவும் கிடையாது. "ஆட்டம் முடிந்தது, விதிப்படி ஆடினோம், முடிவை ஏற்றுக்கொள்கிறோம்" என்பதற்கு அது ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். கிரிக்கெட் விதிப்புத்தகத்தின் முன்னுரையிலேயே, முடிவு எதுவானாலும் ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்கும் நடுவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்ற கருத்து இருக்கிறது. கட்டாயம் கிடையாது, தண்டனையும் கிடையாது. மரபு. நம் சிலம்பத்திலும் கம்பைச் சுழற்றுவதற்கு முன்னால் மண்ணைத் தொட்டு வணங்கி, எதிரில் நிற்பவருக்கும் வணக்கம் வைக்கிறார்கள். அடுத்த நிமிடம் அடிக்கப் போகிற ஆளுக்குத்தான் அந்த வணக்கம்.

"இது ஒரு சின்ன விஷயம், விட்டுத்தள்ளுங்கள் சார்" என்று என் பழைய மாணவர் ஒருவர் போனில் சொன்னார். அவர் இப்போது வங்கியில் இருக்கிறார். அவருக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு ஏன் அப்படித் தெரியவில்லை என்பதைச் சொல்கிறேன்.

அக்டோபரில் எங்கள் பக்கத்தில் ஒரு டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் நடந்தது. சுற்று வட்டாரத்துப் பையன்கள் ஆடுவது. சுழற்கோப்பை, கொஞ்சம் ரொக்கப் பரிசு. பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அரையிறுதியில் எங்கள் தெருப் பையன்களும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பையன்களும் மோதினார்கள். நல்ல ஆட்டம். கடைசி ஓவர் வரை போய் எங்கள் தெருப் பையன்கள் ஜெயித்தார்கள். அந்தப் பக்கத்துப் பையன்கள் வரிசையாகக் கை கொடுக்க வந்தார்கள். இவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான்.

கேப்டனாக இருந்த பையனைக் கூப்பிட்டேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அவன் அப்பாவும் என்னிடம் படித்தவர்தான்.

"ஏன்டா தம்பி, அந்தப் பிள்ளைங்க கை நீட்டிக்கிட்டு நிக்குதுங்க, நீ பாட்டுக்குப் போற?"

"சும்மா சார். இந்தியா டீமே கை கொடுக்கல, பாத்தீங்கள்ல?"

"அது பாகிஸ்தான்டா. இவங்க யாரு?"

அவன் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

நண்பர்களே, இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் ஒருவன் கையைத் தொட மறுப்பதற்கு வேறு ஒரு பழைய அர்த்தம் இருக்கிறது. அந்த அர்த்தத்தை அழிப்பதற்காகத்தான் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தோம், ஒரே குழாயில் தண்ணீர் குடிக்க வைத்தோம், ஒரே கபடி அணியில் கையோடு கை கோத்து நிற்க வைத்தோம். கபடியில் ஒருவன் கையை இன்னொருவன் பிடிக்காமல் ஆட முடியாது. அதனாலேயே எனக்குக் கபடி பிடிக்கும். எவ்வளவோ வருட வேலை அது. டிவியில் ஒரு காட்சி அதை ஒரு மாதத்தில் பின்னால் தள்ளுகிறது. மும்பையிலோ துபாயிலோ உட்கார்ந்து முடிவெடுத்தவர்களுக்கு எங்கள் வாய்க்கால் தெரிந்திருக்காது. ஆனால் தொட மறுப்பதை வீரம் என்று ஒரு நாடு கை தட்டினால், அந்தக் கைதட்டல் எந்தெந்தத் தெருவுக்கெல்லாம் போகும் என்று பெரியவர்கள் யோசிக்க வேண்டாமா?

"பாகிஸ்தானோடு விட்டுக்கொடுத்துப் போகச் சொல்வது தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சுலபம், எல்லை உங்களுக்குத் தூரம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு 1999ஐ ஞாபகப்படுத்துகிறேன்.

அந்த வருடம் ஜனவரியில் பாகிஸ்தான் அணி இந்தியாவுக்கு வந்தது. வரக்கூடாது என்று மிரட்டல். டெல்லி மைதானத்தில் பிட்ச்சைத் தோண்டிப் போட்டார்கள். மும்பையில் கிரிக்கெட் வாரிய அலுவலகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் முதல் டெஸ்ட் சேப்பாக்கத்தில். நாலாவது நாள், ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. 271 ரன் எடுக்க வேண்டும். முதுகு வலியோடு சச்சின் 136 எடுத்தார். அவர் அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் தேவை, கையில் 3 விக்கெட் இருந்தது. நாலு ரன்னுக்குள் மூன்றும் போய்விட்டது. 12 ரன்னில் தோற்றோம். நானும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. சேப்பாக்கமும் சில விநாடி அப்படியே மௌனமாக இருந்தது. பிறகு அத்தனை பேரும் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டினார்கள். வாசிம் அக்ரமும் அவர் அணியும் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் முன்பு 1997 மே மாதமும் அதே சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் நமக்கு எதிராக 194 ரன் அடித்தபோது அதே மாதிரிதான் எழுந்து நின்றார்கள்.

1999இல் அந்தக் கைதட்டலுக்குப் பிறகு நாலே மாதத்தில் கார்கில் போர். அந்தப் போரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உயிர் கொடுத்தார்கள். மேஜர் மாரியப்பன் சரவணன் பட்டாலிக் மலையில் மே மாதக் கடைசியில் வீழ்ந்தார். திருச்சியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சேப்பாக்கத்தில் கை தட்டிய ஊரிலிருந்துதான் அவர்கள் எல்லைக்குப் போனார்கள். கை தட்டியதால் யாருடைய நாட்டுப்பற்றும் குறைந்துபோகவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே ஜூன் 8ஆம் தேதி மான்செஸ்டரில் உலகக் கோப்பையில் இரண்டு அணியும் மோதின. வெங்கடேஷ் பிரசாத் 5 விக்கெட் எடுத்தார், நாம் 47 ரன்னில் ஜெயித்தோம். மலையில் போர் போராகவே நடந்தது. மைதானத்தில் ஆட்டம் ஆட்டமாக நடந்தது.

அந்த இந்திய அணிகளைத்தான் நான் என் மாணவர்களுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். 1980 பிப்ரவரியில் பம்பாயில் நம் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். கேப்டன் குண்டப்பா விஸ்வநாத். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட். பாப் டெய்லருக்கு அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்குத் தோன்றியது. அம்பயரிடம் பேசி, போய்க்கொண்டிருந்தவரைத் திரும்ப ஆட வைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். நாம் 10 விக்கெட்டில் தோற்றோம். ஏமாளி என்று சிலர் சொல்லியிருக்கலாம். 45 வருடம் கழித்து அந்த ஆட்டத்தில் நமக்கு நினைவிருப்பது விஸ்வநாத்தைத்தானே?

2011இல் நாட்டிங்ஹாமில் நம் தோனி. தேநீர் இடைவேளை வந்துவிட்டது என்று நினைத்து இயன் பெல் கிரீஸை விட்டு நடந்துவிட்டார். விதிப்படி ரன் அவுட். தோனி இடைவேளையில் அணியோடு பேசி, அப்பீலைத் திரும்பப் பெற்று அவரை மறுபடி ஆட வைத்தார். அந்த ஆட்டத்திலும் பெரிய தோல்விதான். 2020இல் ஐசிசி, பத்தாண்டின் சிறந்த விளையாட்டுப் பண்புக்கான விருதை அந்தச் செயலுக்காகத் தோனிக்குக் கொடுத்தது. இந்தக் கதைகளை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். "தோத்துட்டாங்களே சார்" என்பார்கள் முதலில். பிறகு யோசிப்பார்கள்.

இந்திய அணி என் மனதைப் புண்படுத்துவது இது முதல் முறை இல்லை. 2000இல் சூதாட்ட விவகாரம் வந்து, நாம் கொண்டாடிய ஒரு முன்னாள் கேப்டன் உட்படச் சில வீரர்களுக்கு வாரியம் தடை விதித்தபோது பல மாதம் நான் கிரிக்கெட்டே பார்க்கவில்லை. பிற்பாடு நீதிமன்றத்தில் அந்தத் தடை நிற்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் அன்று ஒரு ஆறுதல் இருந்தது. சூதாட்டம் தப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நாடே வெட்கப்பட்டது. இன்று எனக்கு வலிப்பது வேறு. விளையாட்டுக்கு ஒவ்வாத ஒன்றைச் செய்கிறோம், அதையே நாடு பெருமையாகக் கொண்டாடுகிறது. தப்பு என்று தெரிந்து செய்த தப்பைத் திருத்திவிடலாம். சரி என்று நினைத்துச் செய்வதைத் திருத்துவதுதான் கஷ்டம்.

"அவர்கள் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்கிறேன். யோக்கியம் இல்லை. செப்டம்பர் 21 ஆட்டத்தில் அவர்களின் ஃபர்ஹான் மட்டையைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக் காட்டினார். ரவூஃப் விமானம் விழுவது மாதிரி சைகை செய்தார், அபராதமும் வாங்கினார். ஒரு நாட்டின் உள்துறை அமைச்சரே அந்த நாட்டுக் கிரிக்கெட் வாரியத்துக்கும் தலைவராக உட்கார்ந்திருப்பது அசிங்கம். கோப்பையைத் தன்னோடு எடுத்துப் போனது அதைவிட அசிங்கம். இதில் எதையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் "அவன்தான் சார் மொதல்ல கிள்ளினான்" என்கிற பதிலை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொன்னாலே நாங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டோம். 140 கோடிப் பேரின் அணி சொல்லலாமா? அவர்கள் தரத்துக்கு நாம் இறங்கிவிட்டால், அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி மிஞ்சும்?

இதே நாட்டில் இதே வருடத்தில் வேறு மாதிரியும் நடந்தது. அக்டோபர் 14 அன்று மலேசியாவில் ஜொகூர் கோப்பை ஜூனியர் ஹாக்கி. ஆட்டம் தொடங்கும் முன் இந்தியப் பையன்களும் பாகிஸ்தான் பையன்களும் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொண்டார்கள். 3-3 சமநிலை. வானம் இடிந்து விழவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். நம் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர், வெள்ளி. நீரஜின் தாயார், ஹரியானா கிராமத்துப் பெண்மணி, தங்கம் வாங்கியவனும் நம் பிள்ளைதான் என்று சொன்னார். அந்த அம்மாவுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் நீரஜ் நடத்த இருந்த போட்டிக்கு அர்ஷத்தை அழைத்திருந்தார் என்பதற்காக, பஹல்காமுக்கு முன்பே அனுப்பிய அழைப்பு என்று அவர் விளக்கம் கொடுத்தும், அவர் குடும்பத்தையே வசைபாடினார்கள். நாட்டுக்கு ஒலிம்பிக்கில் தங்கம் கொண்டுவந்த பிள்ளை, தன் தேசப்பற்றை நிரூபித்து அறிக்கை விட வேண்டியிருந்தது.

சூர்யகுமார் மீதும் மற்ற வீரர்கள் மீதும் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. இது மேலிடத்தில் எடுத்த முடிவாகத்தான் இருக்க முடியும். கேப்டனே அரசும் வாரியமும் எங்களும் ஒரே கருத்தில் இருக்கிறோம் என்ற மாதிரிதான் பேசினார். பெரியவர்கள் அட்டவணை போடும்போது எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல், இருபது முப்பது வயதுப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, "நீ போய் முகத்தைத் திருப்பிக்கொள்" என்றால் அது யாருடைய கோழைத்தனம்? பெற்றோர் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு, பிள்ளையைக் கூப்பிட்டு "அப்பாகிட்ட பேசாதே" என்று சொல்லும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும்.

எனவே வாரியத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த போட்டிக்கு அட்டவணை வரும் நாளிலேயே முடிவு சொல்லுங்கள். ஆடவில்லை என்றால், புள்ளியும் பணமும் கோப்பையும் போனாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள். நாங்கள் உங்களோடு நிற்போம். ஆடுகிறோம் என்றால் டாஸிலிருந்து கை குலுக்கல் வரை முழுதாக ஆடுங்கள்.

என் போன்ற ஆசிரியர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், ஊரில் டோர்னமெண்ட் நடத்தும் தம்பிகளுக்கும் இன்னொரு கோரிக்கை. பொங்கல் வரப்போகிறது. ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். நோட்டீஸ் அடிக்கும்போது விதிமுறையில் ஒரு வரி சேருங்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக வந்து கை கொடுத்த பிறகுதான் ஸ்கோர் நோட்டில் முடிவு எழுதப்படும் என்று. எங்கள் ஊர்ப் பையன்களிடம் இதைச் சொல்லிவிட்டேன். முதலில் முனகினார்கள். "அப்பத்தான் பரிசு கொடுக்க வருவேன்" என்றேன். சரி என்றிருக்கிறார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பையன்கள் வீட்டுக்கும் நானே நேரில் போய் அழைப்புக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், படிக்கிறேன். மரியாதையாகச் சொல்லுங்கள்.